டென்டா, கேம்பர்வேனா? பிரிட்டனில் முதல் தடவை கேம்பிங் போகும் குடும்பத்துக்கு

ஒரு குடும்பம் எனக்கு அனுப்பிய கேள்வி சுருக்கமாக இது. லண்டன் ஹாரோவில் இரண்டாவது மாடி ஃபிளாட். ஐந்து பேர் உட்காரும் கார். ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. ஆகஸ்டில், வடமேற்கு இங்கிலாந்தில் மலைகளும் ஏரிகளும் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு வாரம் கேம்பிங் போக ஆசை. டென்ட் வாங்குவதா, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் கேம்பர்வேன் வாடகைக்கு எடுப்பதா, இல்லை நண்பர்கள் சொல்வதுபோல ஒரு பழைய வேனையே வாங்கிவிடுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தில் தங்கி, அங்கிருந்து தினமும் வெளியே போய்வரும் விடுமுறைக்கு டென்ட்தான் சரி. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று நகர்ந்துகொண்டே இருப்பவர்களுக்கு வேன். நீங்கள் கேட்டிருப்பது முதல் வகை. அதனால் இந்த ஆகஸ்டுக்கு டென்ட் வாங்குங்கள், அம்மாவுக்கு மட்டும் அதே கேம்ப்சைட்டில் ஒரு மரக்குடில் எடுங்கள். வேன் வாங்கும் யோசனை இப்போது வேண்டாம்.

இந்த இரண்டையும் ஒப்பிடும்போது எல்லாரும் ராத்திரியைத்தான் யோசிக்கிறார்கள். வேனில் மெத்தை இருக்கிறது, டென்டில் தரை. மழை வந்தால் வேன் பத்திரம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் விடுமுறையின் பெரும்பகுதி பகலில் நடக்கிறது. வேனோடு ஒரு பகல் எப்படிப் போகும் என்று பாருங்கள். காலையில் எல்லாரும் எழுந்தாக வேண்டும், ஏனென்றால் படுக்கையை மடித்தால்தான் உட்கார இடம். பால் தீர்ந்துவிட்டது, கடை நான்கு மைல் தள்ளி. ராத்திரி படுப்பதற்காக மேலே தூக்கிவைத்த கூரையை இறக்கிப் பூட்ட வேண்டும். மின்சார கேபிளைக் கழற்றிச் சுற்ற வேண்டும். சிங்க்கில் கிடக்கும் தட்டு, ஜன்னலோரம் வைத்த டம்ளர், பிள்ளைகளின் கலர் பென்சில் எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூட வேண்டும். ஒன்றை மறந்தாலும் முதல் வளைவிலேயே அது தரையில் உருளும். ஏரிக்கரைக்குப் போனால், கார் பார்க் வாசலில் உயரத் தடுப்புக் கம்பி. ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா மாதிரி சின்ன வேன் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம். பல தடுப்புகளில் தப்பித்துவிடும், சிலவற்றில் மாட்டும். அதைவிடப் பெரியது என்றால் யோசிக்கவே வேண்டாம், வேறு இடம்தான் தேட வேண்டும்.

டென்டில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு தடவை அடித்துவிட்டால் அது நிற்கும். படுக்கை விரித்தபடி கிடக்கலாம், பாத்திரம் ஊறியபடி கிடக்கலாம். கார் கையில் இருக்கிறது. பெரியவன் அப்பாவோடு மலை ஏறப் போகட்டும், சின்னவள் பாட்டியோடு நிழலில் உட்கார்ந்து விளையாடட்டும். வேனில் போனால் ஒருவர் கடைக்குப் போக வேண்டும் என்றாலும் மற்ற நான்கு பேர் வீட்டை இழந்து நிற்க வேண்டும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு: வேனோடு ஒட்டி நிறுத்தும் தனி டென்ட் மாதிரி ஓர் இணைப்பு, வேன் கிளம்பிப் போனாலும் அது தானாக நிற்கும். நல்ல பொருள்தான். ஆனால் அதை வாங்கி, அடித்து, கயிறு இழுத்து, கடைசியில் ஈரத்தோடு மடிக்கும்போது நீங்கள் டென்ட் வேலையையும் சேர்த்தே செய்திருப்பீர்கள்.

அடுத்து, ஆள் கணக்கு. நீங்கள் ஐந்து பேர். படங்களில் பார்த்து ஆசைப்படும் அந்த அழகான சின்ன வேன்களில் பெரும்பாலானவற்றில் நான்கு பேர்தான் படுக்க முடியும். கீழே இரண்டு, தூக்கும் கூரைக்குள் இரண்டு. கீழ்ப் படுக்கையின் அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர், வீட்டு டபுள் கட்டிலைவிடக் குறைவு. மேல் படுக்கைக்கு முன் சீட்டில் கால் வைத்து ஏற வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது, அப்படியானால் அம்மா கீழே. அப்போது நீங்கள் இருவரும் இரண்டு பிள்ளைகளும் எங்கே? இன்னொன்று, வேன் என்றதும் கழிப்பறை இருக்கும் என்று நினைக்கிறோம். இந்த அளவு வேன்களில் பொதுவாக நிரந்தரக் கழிப்பறை கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு அவசரம் என்றால், டென்டில் இருந்தாலும் வேனில் இருந்தாலும் டார்ச்சோடு ஈரப் புல்லில் நடந்து பொதுக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும்.

ஐந்து பேருக்குக் கழிப்பறையோடு வேண்டும் என்றால் அது கேம்பர்வேன் இல்லை, மோட்டார்ஹோம். ஆறு, ஏழு மீட்டர் நீளம். அங்கே வேறு கணக்குகள் தொடங்கும். முதலில் லைசென்ஸ். 1997 ஜனவரி 1 முதல் கார் டெஸ்ட் பாஸ் பண்ணியவர்களின் சாதாரண லைசென்ஸில் மொத்த எடை 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். அதற்கு முன் பாஸ் பண்ணியவர்களுக்கு 7,500 கிலோ வரை உரிமை இருந்தது. நம்மில் பெரும்பாலோர் பின்னால் வந்தவர்கள். சரி, 3,500 கிலோவுக்குள் வண்டி எடுத்தாயிற்று. அந்த எண்ணில் வண்டியின் எடை, ஐந்து பேர், கேஸ், சைக்கிள், அரிசி மூட்டை எல்லாம் அடக்கம். 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அதுவே 100 கிலோ. பல மோட்டார்ஹோம்களில் ஆட்களும் சாமானும் ஏற மிச்சமிருப்பது சில நூறு கிலோதான். போலீஸ் எடை பார்த்தால் பொறுப்பு ஓட்டுபவருக்கு.

பெல்ட் விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். விளம்பரத்தில் "ஆறு பேர் படுக்கலாம்" என்று இருக்கும். ஓடும்போது எத்தனை பேருக்கு பெல்ட் இருக்கிறது என்பது வேறு எண். நான்காக இருக்கலாம். இங்கே சட்டப்படி பிள்ளைக்கு 12 வயதாகும் வரை, அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை, எது முதலோ அதுவரை, கார் சீட்டோ பூஸ்டரோ வேண்டும். பக்கவாட்டில் பார்த்த சீட்டில் அதைப் பொருத்த முடியாது. உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் முன்னோக்கிய, பெல்ட் உள்ள இருக்கை இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

அப்புறம் லேக் டிஸ்ட்ரிக்ட் சாலைகள். இரு பக்கமும் கல் சுவர், நடுவில் ஒரு வண்டி போகும் அகலம், எதிரே டிராக்டர். ஹார்ட்நாட் கணவாயின் சரிவு சில இடங்களில் மூன்றடிக்கு ஓரடி ஏறும், 33 சதவீதம். அங்கே காரிலேயே கை வியர்க்கும். ஏழு மீட்டர் வண்டியை முதல் தடவை ஓட்டுபவர் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. அப்படியானால் அழகான பள்ளத்தாக்குகள் பாதி உங்களுக்கு இல்லை என்றாகிவிடும். காரில் போனால் எல்லாம் திறந்திருக்கும்.

பணத்தைப் பார்ப்போம். நான்கு பேருக்கு நல்ல டென்ட், மேட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, நாற்காலி எல்லாம் சேர்த்து 800 முதல் 1,200 பவுண்டுக்குள் முடித்துவிடலாம். கொஞ்சம் தேடினால் ஒரே ஒரு தடவை பயன்படுத்திய டென்டுகள் பாதி விலைக்கு வரும், ஏனென்றால் ஒரு மழையோடு ஆசை தீர்ந்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர். கவனித்தால் அந்தச் சாமான் பல வருஷம் உழைக்கும். பள்ளி விடுமுறையில் வேன் வாடகை ஒரு ராத்திரிக்கு 120 முதல் 180 பவுண்டு அளவில் போகும். ஏழு ராத்திரிக்கு ஏறக்குறைய 1,000 பவுண்டு, அதோடு ஒவ்வொரு ராத்திரிக்கும் கேம்ப்சைட் வாடகை, டீசல், பெரிய டெபாசிட். வேன் இருந்தால் தங்கும் செலவு மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். மின்சாரத்தோடு இடம் வேண்டும் என்றால் டென்டுக்கு வாங்கும் அதே அளவு பணத்தை வேனுக்கும் வாங்குவார்கள்.

வேன் வாங்குவது பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது: "வாடகையாகக் கொட்டும் காசுக்கு சொந்தமாகவே வைத்துக்கொள்ளலாமே." இதை நிதானமாகக் கணக்குப் போடுங்கள். ஓரளவு நம்பகமான, ஏற்கெனவே கேம்பராக மாற்றிய வேன் 25,000 முதல் 45,000 பவுண்டு. புதிய கலிஃபோர்னியா 60,000-ஐத் தாண்டும். வருஷத்துக்குப் பத்து ராத்திரி, ராத்திரிக்கு 140 என்று பத்து வருஷம் வாடகைக்கு எடுத்தாலும் 14,000 பவுண்டுதான். சொந்த வேனுக்கு இன்ஷூரன்ஸ், எம்ஓடி என்ற வருஷாந்தர வண்டிச் சோதனை, ரோடு டாக்ஸ், சர்வீஸ் தனி. வேனை விற்றால் பாதி காசு திரும்பி வரும் என்பார்கள். வரலாம். ஆனால் அத்தனை வருஷம் அந்தப் பணம் தெருவில் நின்றிருக்கும்.

வருஷத்துக்கு எத்தனை ராத்திரி போவீர்கள் என்பதுதான் இங்கே தீர்மானிக்கும் கேள்வி. வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு இந்த நாட்டில் சட்டப்படி கிடைப்பது, அரசு விடுமுறைகளையும் சேர்த்து, வருஷத்துக்கு 28 நாள். நம் குடும்பங்களில் அதில் பாதியை ஊருக்குப் போகச் சேர்த்து வைக்கிறோம். ஒரு கல்யாணம், ஒரு திவசம், பெற்றவர்களைப் பார்க்க ஒரு பயணம் என்று மூன்று வாரம் போய்விடும். பக்கத்து வீட்டு ஆங்கிலேயக் குடும்பத்துக்கு இந்தக் கடமை இல்லை, அவர்கள் வேனுக்கு அந்த நாட்களைக் கொடுக்க முடியும். நமக்கு மிஞ்சுவது மே மாத அரைப் பருவ விடுமுறையும், ஆகஸ்டில் ஒரு வாரமும், சில வாரக் கடைசிகளும்தான். அதற்கு ஒரு வேனைக் கட்டி மேய்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய வேன் மலிவாகக் கிடைக்கிறதே என்றால், ஹாரோவில் இருக்கும் உங்களுக்கு யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் லண்டன் மண்டலம், ஒரு கேள்வி. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா போரோக்களும் அதற்குள் வந்துவிட்டன. டீசல் வண்டி யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. மலிவாகக் கிடைக்கும் டீசல் வேன்களில் நிறைய அந்தத் தரத்துக்கு முந்தியவை. கடைக்குப் போய்வந்தாலும் கட்டணம், சனிக்கிழமை கிளம்பினாலும் கட்டணம். ஃபிளாட்டில் இருப்பவர் அதை எங்கே நிறுத்துவீர்கள் என்பது அதற்கும் முந்திய கேள்வி.

இவ்வளவு சொன்னதால் வேன் மேல் எனக்கு வெறுப்பு என்று நினைக்க வேண்டாம். வேன் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு, அங்கே டென்ட் பக்கத்தில் நிற்க முடியாது. ஸ்காட்லாந்தின் வடக்குக் கரை. இன்வர்னெஸ்ஸில் தொடங்கி அங்கேயே முடியும் நார்த் கோஸ்ட் 500 என்ற 516 மைல் சுற்று 2015-இல் அறிமுகமானது. தினமும் எழுபது, எண்பது மைல், ஒற்றை வழிச் சாலை, ஒரு மணி நேரத்தில் நாலு விதமான வானிலை. அங்கே ஒவ்வொரு மாலையும் டென்ட் அடித்து ஒவ்வொரு காலையும் ஈரத்தோடு பிரித்தால் மூன்றாவது நாள் குடும்பமே சண்டை போடும். அதோடு மிட்ஜ். மே முதல் செப்டம்பர் வரை, காற்றில்லாத மாலைகளில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தப் பூச்சிக் கூட்டம் மொய்த்துக் கடிக்கும். வேனில் கதவைச் சாத்தி வலையைப் போட்டுக்கொண்டு உள்ளேயே சமைத்துச் சாப்பிடலாம். அந்த ஒரு காரணத்துக்கே வேனுக்குக் கொடுத்த காசு தகும். அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு நீங்கள் நான்கு பேரும் ஒரு வேன் எடுத்து அந்தச் சுற்றைப் போய்வாருங்கள். எதிரே வரும் வண்டிக்காக ஒதுங்கும் இடங்களில் மட்டும் ராத்திரி நிறுத்தாதீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது தினசரித் தலைவலி.

ஸ்காட்லாந்து பற்றி இன்னொரு தவறான நம்பிக்கை பரவிக் கிடக்கிறது: "அங்கே எங்கே வேண்டுமானாலும் தங்கலாம், சட்டமே இருக்கிறது." 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொடுக்கும் நடமாட்ட உரிமை, கால்நடையாகவோ சைக்கிளிலோ போய்ச் சின்ன டென்ட் அடிப்பவருக்கு. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது. அதிலும் லாக் லோமண்ட் தேசியப் பூங்காவின் ஏரிக்கரைப் பகுதிகள் பலவற்றில் 2017 முதல், மார்ச் 1 தொடங்கி செப்டம்பர் 30 வரை, அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இங்கிலாந்திலோ நிலச் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் எங்கும் முகாமிடக் கூடாது. தென்மேற்கு இங்கிலாந்தில் இருக்கும் டார்ட்மூர் பொதுநிலம் மட்டும் விலக்கு. அந்த உரிமை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்தது, எனக்கு அந்தத் தீர்ப்பில் உண்மையான சந்தோஷம். ஆனால் அதுவும் முதுகில் சுமந்து போகும் சின்ன டென்டுக்குத்தான். குடும்ப டென்டுக்கும் இல்லை, வேனுக்கும் இல்லை. ஆக, வேன் இருந்தால் நினைத்த இடத்தில் தூங்கலாம் என்ற சுதந்திரம் சட்டத்தில் பார்த்தால் டென்ட்காரருக்கு இருப்பதைவிடக் குறைவு.

அது தற்செயலும் இல்லை. இந்த நாட்டில் கேம்பிங் பொழுதுபோக்காக வளர்ந்ததே சைக்கிளில் டென்டைக் கட்டிக்கொண்டு போனவர்களால். தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்ற லண்டன் தையற்காரர் 1901-இல் தொடங்கிய சைக்கிள் முகாம் சங்கம்தான் இன்றைய கேம்பிங் அண்ட் கேரவானிங் கிளப். ஃபோக்ஸ்வாகன் வேன் பிறந்தது 1950-இல்.

இப்போது டென்டின் உண்மையான கஷ்டங்கள். மறைக்காமல் சொல்ல வேண்டும், இல்லையென்றால் முதல் மழையில் என்னைத் திட்டுவீர்கள்.

லேக் டிஸ்ட்ரிக்டில் மழை பெய்யும். இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிக மழை பெய்வது அங்கே இருக்கும் சீத்வெயிட்டில், வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு வாரம் தங்கினால் நனையாமல் திரும்ப மாட்டீர்கள். டென்ட் வாங்கும்போது துணி எத்தனை மில்லிமீட்டர் நீரழுத்தம் தாங்கும் என்று எழுதியிருக்கும். 3,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலை வேண்டாம். தரை விரிப்பு சுவரோடு சேர்த்துத் தைத்ததாக இருக்கட்டும், தண்ணீரும் நத்தையும் உள்ளே வராது. நான்கு பேருக்கு "ஆறு பேர் டென்ட்" வாங்குங்கள். அட்டையில் போடும் எண், ஆட்களை அடுக்கிப் படுக்கவைத்து எண்ணியது, பைகளுக்கு அதில் இடம் இல்லை. படுக்கையறைப் பகுதி கறுப்புத் துணியாக இருப்பதைத் தேடுங்கள். ஜூனில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், ஆகஸ்ட் தொடக்கத்திலும் ஐந்தரைக்கு வெளிச்சம். வெளிச்சம் வந்தால் உங்கள் ஐந்து வயதும் எழும், அப்புறம் எல்லாரும் எழ வேண்டியதுதான்.

கம்பிக்குப் பதில் காற்று நிரப்பும் குழாய் உள்ள டென்ட் இப்போது பிரபலம். பம்ப் அடித்தால் கால் மணி நேரத்தில் எழுந்து நிற்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். எடை மட்டும் கூட, 20 கிலோவைத் தாண்டும், இரண்டு பேர் தூக்க வேண்டும். எதுவானாலும் கிளம்புவதற்கு முன் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். போகும் நாளில் மாலை நான்கு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள். ஹாரோவிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயணம், எம்6 நெடுஞ்சாலை நெரிசல் தனி. இருட்டில், மழையில், பசித்த பிள்ளைகளோடு டென்ட் அடிப்பதுதான் கேம்பிங்கை வெறுக்கவைக்கும் நிமிஷம். சேர்ந்ததும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, டென்டின் குறுகிய முதுகை அந்தப் பக்கம் வையுங்கள். வானம் தெளிவாக இருந்தாலும் எல்லாக் கயிறுகளையும் கட்டுங்கள். காற்று ராத்திரி ஒரு மணிக்குத்தான் வரும்.

குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்துப் போர்வையாக அடுக்குகிறார்கள். குளிர் வருவது தரையிலிருந்து. ஆகஸ்டிலும் அந்தப் பள்ளத்தாக்குகளில் ராத்திரி வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே போகும். பெரிய காற்று மெத்தை உயரமாக இருக்குமே தவிர, உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கும், தானாக ஊதிக்கொள்ளும் மேட் வாங்குங்கள். தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் ஆர் மதிப்பு என்று ஓர் எண் போட்டிருக்கும், மூன்றுக்கு மேல் பாருங்கள். அதன் மேல் ஊரிலிருந்து வந்த ஒரு கனமான ஜமுக்காளம். நன்றாகத் தூங்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிருகிறதே என்று பார்பிக்யூ தட்டை, அணைந்த மாதிரி இருந்தாலும், டென்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. வேனுக்குள்ளும் கூடாது. மழை பெய்கிறதே என்று அடுப்பை உள்ளே வைத்து ஜிப்பைச் சாத்துவதும் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள், இந்த நாட்டுக் கேம்ப்சைட்டுகளிலேயே. இருபது பவுண்டுக்கு ஓர் அலாரம் கிடைக்கிறது. மெழுகுவர்த்தியும் உள்ளே வேண்டாம், அந்தத் துணி பிடித்தால் நொடியில் போய்விடும். டென்டுக்கும் டென்டுக்கும் நடுவே ஆறு மீட்டர் விடச் சொல்வதும் நெருப்புக்காகத்தான்.

சமையலுக்கு வருவோம், நம் ஆட்களுக்கு அதுதானே பெரிய கவலை. மின்சாரத்தோடு இடம் எடுங்கள். கேம்ப்சைட்டில் கொடுப்பது பெரும்பாலும் 10 ஆம்ப், அதாவது 2,300 வாட். சின்ன ரைஸ் குக்கர் 500 வாட் அளவில் இருக்கும், தாராளமாக ஓடும். வீட்டு கெட்டில் 3,000 வாட், போட்டால் கரண்ட் போகும், வார்டனைத் தேடி ஓட வேண்டும். குறைந்த வாட் கெட்டில் தனியாக விற்கிறார்கள். டென்டுக்கென்று பாதுகாப்பு சுவிட்சோடு வரும் நீல பிளக் கேபிளைத்தான் வாங்க வேண்டும், தோட்டத்து எக்ஸ்டென்ஷன் கூடாது. உருளையில் சுற்றியபடியே பயன்படுத்தினால் கேபிள் சூடாகி உருகும், முழுதும் பிரித்து விடுங்கள். குழம்பை வீட்டிலேயே வைத்து, டப்பாக்களில் ஃப்ரீஸ் செய்து கூல் பாக்ஸில் அடுக்குங்கள். முதல் இரண்டு நாள் அதுவே ஐஸ் கட்டி, மூன்றாம் நாள் அதுவே சாப்பாடு. தாளிப்பு, மீன் பொரியல் எல்லாம் வெளியே. இங்கேயும் டென்டுக்கு ஒரு சாதகம் உண்டு: வாடகை வேனுக்குள் கடுகு தாளித்தால் அந்த வாசனை சீட் துணியில் ஏறிவிடும், திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணம் என்று டெபாசிட்டில் பிடிப்பார்கள். கேஸ் அடுப்பு என்றால் ஆகஸ்டில் நீல சிலிண்டர் பியூட்டேன் போதும். ஈஸ்டருக்குப் போகிறீர்கள் என்றால் சிவப்பு புரொப்பேன். பூஜ்யம் டிகிரி அருகே பியூட்டேன் ஆவியாகாது, அடுப்பு எரியாது.

ஃபிளாட்டில் இருக்கும் உங்களுக்கு டென்டின் மிகப் பெரிய கஷ்டம் திரும்பி வந்த பிறகு. ஈரத்தோடு மடித்த டென்டை இரண்டு மூன்று நாள் பையிலேயே விட்டால் கரும்புள்ளி பூசணம் பிடிக்கும், அந்த நாற்றம் போகவே போகாது. தோட்டம் வைத்திருப்பவர்கள் கொடியில் போட்டுவிடுவார்கள். நீங்கள் உள் டென்டைத் தனியே கழற்றி ஷவர் கம்பியில் தொங்கவிடுங்கள், வெளித் துணியைக் கதவுகளின் மேல் போட்டுத் திருப்பித் திருப்பிக் காயவையுங்கள். அடுத்த வெயில் நாளில் பூங்காவுக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் விரியுங்கள். இதைச் செய்ய மனசில்லை என்றால், வேன் வாடகைக்கு எடுப்பதற்கு இதைவிட நியாயமான காரணம் கிடையாது.

அம்மா விஷயம். 68 வயதில் தரையிலிருந்து எழுவது சிரமம், ராத்திரி வெளியே நடப்பது அதைவிடச் சிரமம். நிறைய கேம்ப்சைட்டுகளில் பாட் என்று சொல்லும் மரக்குடில்கள் உண்டு. லேக் டிஸ்ட்ரிக்டில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளை நடத்தும் கிரேட் லாங்டேல், வாஸ்டேல் தளங்களிலும் இருக்கின்றன. பலகைச் சுவர், பூட்டும் கதவு, விளக்கு, பலவற்றில் ஹீட்டர். மெத்தையும் போர்வையும் பெரும்பாலும் நாமே கொண்டுபோக வேண்டும், கழிப்பறை அநேகமாக உள்ளே இருக்காது. அதற்கு மடக்கு கட்டில் ஒன்றும், எடுத்துச் செல்லும் சின்னக் கழிப்பறை ஒன்றும் வாங்குங்கள். சின்னவள் பாட்டியோடு படுத்துக்கொள்வாள், இரண்டு பேருக்கும் துணை. அப்போது டென்டில் நீங்கள் மூன்று பேர்தான், இடம் தாராளம். மழை விடாமல் கொட்டும் மதியத்தில் ஐந்து பேரும் குடிலில் உட்கார்ந்து சீட்டு விளையாடலாம். டென்ட், குடில் இரண்டுக்கும் வாடகை கொடுத்தாலும் மோட்டார்ஹோம் வாடகையைவிடக் குறைவாகவே வரும்.

குடில்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆகஸ்டுக்கு சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் முதலில் குடில் கிடைக்கும் தேதியைப் பிடித்து, அதற்கு ஏற்ப டென்ட் இடத்தை புக் பண்ணுங்கள். ஆன்லைனில் புக் பண்ணினாலும் ஒரு ஃபோன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: குடிலுக்கு ஹீட்டர் உண்டா, கழிப்பறை அங்கிருந்து எத்தனை அடி தூரம், டென்ட் இடத்தைக் குடிலுக்குப் பக்கத்திலேயே ஒதுக்க முடியுமா. வயதான அம்மா வருகிறார் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள். அதற்கு முன்னால் ஜூலையில் ஒரு சனிக்கிழமை, லண்டனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஏதாவது ஒரு தளத்தில் ஒரே ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், ஆகஸ்டுக்குள் வாங்கிக்கொள்ளலாம்.